பாம்புச்செவியாரின் கெப்பாசிட்டர்கள்

என் அக்காவின் கணவருக்குப் பாம்புச்செவியார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பழைய ஆடியோ கருவிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவருடைய கூட்டாளிகள் வைத்தது. பாட்டின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கம்பி அதிர்ந்தால்கூட அவருக்குக் கேட்டுவிடுமாம். அந்தக் கம்பி செம்பா எஃகா என்றும் சொல்லிவிடுவாராம். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சில நாள் வேறு மாதிரியும் கூப்பிட வாய் வரும். அக்கா முகத்துக்காக விழுங்கிக்கொள்வேன்.

மாமா வேலை பார்த்தது ஓர் அச்சகத்தில். இயந்திரக் கூடத்துக்கு மேற்பார்வையாளர். அங்கே ஓர் ஆள் தும்மினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. கையை ஆட்டித்தான் பேசுவார்கள். அந்த இரைச்சலிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்று வந்தவர், மிச்சமிருக்கும் ஆயுளை இனி நல்ல ஒலிக்கே அர்ப்பணிக்கப்போவதாக அறிவித்தார். அறிவிப்போடு நின்றிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்போம். முன்னறையைக் கைப்பற்றிவிட்டார். சோபா அறையின் நடுவுக்கு நகர்ந்தது. அதன் கால்கள் இருக்கவேண்டிய இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்தார். ஜன்னலுக்குப் போர்வை கனத்தில் திரை வந்தது, வெயிலுக்காக இல்லை, எதிரொலிக்காக. அக்காவின் தையல் மெஷின் அதிர்கிறது என்று சொல்லி அதை அறைகளுக்கு இடையில் உள்ள நடைபாதைக்குத் தள்ளினார். அக்கா அங்கே வருகிறவர் போகிறவர் இடிக்க இடிக்க உட்கார்ந்து தைப்பாள்.

அச்சக முதலாளி வீட்டைக் காலி செய்தபோது குப்பைக்குப் போக இருந்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை மாமா தூக்கிக்கொண்டு வந்தார். அலுமினிய முகப்பு, மரப்பெட்டி, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். உள்ளே இருந்த கெப்பாசிட்டர்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. கெப்பாசிட்டர் என்பது விரல்நுனி அளவுள்ள ஒரு டப்பா. மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு தேவைக்கு விடும். வயதானால் உள்ளே ஈரம் காய்ந்துவிடும், இல்லையென்றால் தலை உப்பிக் கசியும். அதை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் எதைப் போடுவது என்பதில்தான் எங்கள் வீட்டுத் தலையெழுத்து மாட்டிக்கொண்டது.

ஒருநாள் மாமா என்னையும் இழுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் பழைய டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மைக்ரோஃபாரட் அளவு இதே இருக்கணும். வோல்ட் குறையக்கூடாது, கூட இருந்தா பரவாயில்ல. சூடு தாங்கற ரகமா வாங்கிக்கங்க. இந்தாங்க" என்று ஒரு கைப்பிடி எடுத்துக் கவரில் போட்டார்.

மாமா சிரித்தார். பச்சைக் குழந்தை உளறுவதைக் கேட்டவர் சிரிக்கிற சிரிப்பு.

"மதிப்பு பார்த்துப் போடறது ரிப்பேர்காரன் வேலைங்க. நான் காதால பார்த்துப் போடறவன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

அதன்பிறகு வீட்டுக்குச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வந்து இறங்கின. பிளாஸ்டிக் தாள் சுற்றியது ஒரு ரகம். எண்ணெயில் ஊறிய காகிதம் ஒரு ரகம். நகைப்பெட்டி மாதிரி வெல்வெட்டில் படுத்துக்கொண்டு வந்தது ஒரு ரகம். அக்காவுக்கு நகை வந்தபோதுகூட அப்படிப் பெட்டி வரவில்லை. மாமா ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து இரண்டு ஒயரை வெளியே இழுத்து, பல் வைத்த கிளிப்பில் ஒவ்வொன்றாக மாட்டி அதே பாட்டை அதே இடத்திலிருந்து போடுவார். அவருக்குத் துணையாக எண்ணெய் வருவார். எண்ணெய் என்பது அவருடைய உயிர்க் கூட்டாளி. எண்ணெய்க் காகித ரகத்தைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பது அவர் கட்சி, அதனால் அந்தப் பெயர்.

"இதுல கொஞ்சம் ஈரம் இருக்கு" என்பார் எண்ணெய்.

"ஈரம் இருக்கு, ஆனா காத்து இல்ல" என்பார் மாமா.

பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பேசிக்கொள்வார்கள். அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இப்ப எப்படி? சரி, இப்ப?" என்று கேட்பார்கள். அக்கா அடுப்பை அணைக்காமல் வந்திருப்பாள். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பாள். "கேக்கத் தெரியணும்" என்று மாமா எண்ணெயைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டில் இத்தனை நுணுக்கம் பார்க்கிறவருக்கு வீட்டில் ஒரு பேச்சு உருப்படியாகக் காதில் விழாது. "சாவி எங்க வெச்சீங்க?" என்று அக்கா கேட்டால் "காபி இப்ப வேண்டாம்" என்பார். "துணி காயப்போட்டேன், மழை வந்தா எடுங்க" என்றால் "மணியா? ஆறு இருக்கும்" என்பார். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நினைப்பெல்லாம் கெப்பாசிட்டரில் இருக்கிறது, பெண்டாட்டி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றுதான் நினைத்தோம். இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது காது மருத்துவமனையில். வருகிறவர்களை உட்காரவைத்துக் காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. ஊரார் காதையெல்லாம் பார்க்கிறேன். மாமாவை மட்டும் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. அவர்தான் பாம்புச்செவியாயிற்றே!

சிரித்துக்கொண்டே இருந்தது ஒருநாள் நின்றது. அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் மடங்கி அடியில் மாட்டிக்கொண்டது, எழ முடியவில்லை. கூப்பிட்டிருக்கிறாள். முன்னறை சுவருக்கு அந்தப் பக்கம்தான். பாட்டுகூட ஓடவில்லை, மாமா குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, சுவரைப் பிடித்துத் தவழ்ந்து வெளியே வந்தபோது மாமா நிமிர்ந்து பார்த்துக் கேட்டாராம்:

"எங்க போயிருந்த? டீ போடறியான்னு கேக்கலாம்னு பார்த்தேன்."

நான் மாடியில் குடியிருக்கிறேன். அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அக்கா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சூட்கேஸில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அவள் அழவில்லை.

"நான் பொண்ணுகிட்ட போறேன். திரும்பி வர்றதா இல்ல" என்றாள். "பேசறது கேக்கலைன்னா விட்டுடலாம். கூப்பிட்டாக்கூட எழுந்து வர முடியாத அளவுக்கு நான் என்னடி ஆயிட்டேன்?"

மாமாவிடம் போய்க் குதித்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "அவ கூப்பிடவே இல்ல. சும்மா சொல்றா. கூப்பிட்டா எனக்குக் கேக்காம இருக்குமா? எனக்கு?" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். யாருக்குக் காது குத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் காரோடு வந்து அக்காவை அழைத்துப்போவதாக முடிவாயிற்று. எந்த மனுஷனாக இருந்தாலும் அந்த இடைவெளியில் கையைக் காலைப் பிடித்தாவது சமாதானம் பேசியிருப்பான். நம்மவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதுக்குள்ள ஆம்ப்ளிஃபயரை முடிச்சிடறேன். ஒரு தடவை கேட்டுட்டுப் போகட்டும். கேட்டா மனசு மாறிடும்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆம்ப்ளிஃபயரை மாடியிலிருந்து போட்டிருப்பேன். கனமாக இருந்ததால் தப்பித்தது.

அந்த வாரம் மாமா பட்ட பாட்டைப் பார்க்கவும் சகிக்கவில்லை. எதைப் போட்டாலும் அவருக்குத் திருப்தியில்லை. "மேல ஒரு போர்வையைப் போத்தின மாதிரி இருக்கு. ஜால்ரா சத்தம் வருது, ஆனா ஜால்ரா வரல" என்று புலம்பினார். வெல்வெட் பெட்டிக்காரனைப் போட்டார். போர்வை போகவில்லை. எண்ணெய்க் காகித ரகத்தைப் போட்டார். போகவில்லை. நன்றாக இருந்த கெப்பாசிட்டர்களையும் பிடுங்கிவிட்டுப் புதிது மாட்டினார். கடைசியில், கனத்த ஒலி உள்ளே நுழையாதபடி மதிப்புக் குறைந்ததாக ஒன்றை மாட்டினார். கீச்சு ஒலி மட்டும் சுற்றிக்கொண்டு நேராகப் பாயும்படி வால்யூம் குமிழுக்குக் குறுக்கே இன்னொன்றையும் பற்றவைத்தார். கடைக்காரர் பார்த்திருந்தால் கடையை மூடியிருப்பார். எதற்காக இதையெல்லாம் செய்கிறார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். சூட்கேஸ் வாசலுக்கு வந்தது. எண்ணெயும் வந்துவிட்டார், இப்படி ஒரு நாளில் வரலாமா கூடாதா என்று யோசிக்கிற ஆள் இல்லை அவர். மாமா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அக்காவிடம் போய், "அஞ்சு நிமிஷம். சோபால நடுவுல உக்காரு" என்றார். அந்த நடு இடத்தில் அதுவரை அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். உட்கார்ந்து தொலை என்று கண்ணாலேயே சொன்னேன். உட்கார்ந்தாள்.

மாமா பாட்டைப் போட்டார்.

ஐயோ! அதைப் பாட்டு என்று சொன்னால் பாடினவள் வழக்குப் போடுவாள். தகரத்தில் ஆணியால் கீறின சத்தம். ஜால்ரா ஒவ்வொன்றும் பல்லில் வந்து அடித்தது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தெருவில் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிபட்ட முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எண்ணெயின் முகம் கோணிப்போயிற்று. ஆனாலும் பாம்புச்செவியாரின் தீர்ப்புக்கு எதிராகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "நல்ல வெளிச்சமா இருக்கு" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

மாமா கண்ணிலும் தண்ணீர். அது வேறு தண்ணீர். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சு" என்றார். "இப்பதான் வருது. பழையபடி வருது!"

பழையபடி. அந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பழையபடி என்றால் எதன்படி? இந்த ஆம்ப்ளிஃபயர் முன்பு எப்படிப் பாடியது என்று இவருக்கு எப்படித் தெரியும்? இவர் தூக்கி வந்தபோதே அது பேச்சு மூச்சில்லாமல்தானே கிடந்தது. இவருக்குத் தெரிந்த பழையபடி ஒன்றே ஒன்றுதான். இவருக்கு முன்பு கேட்டபடி. இத்தனை கெப்பாசிட்டரையும் போட்டுப் போட்டு இவர் தேடியது ஆம்ப்ளிஃபயரில் தொலைந்ததை இல்லை.

எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். "அக்கா, நாளைக்கு ஒருநாள் மட்டும் இரு" என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. மகளிடம் மட்டும் காதும் காதும் வைத்தாற்போல் சொன்னேன்.

திங்கட்கிழமை மாமாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதற்குப் பொய்தான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பரிசோதனை மெஷினின் ஒலி சரியாக இருக்கிறதா என்று உங்களைப்போல ஒருவர் கேட்டுச் சொன்னால் நல்லது என்றேன். உடனே சட்டையை மாட்டினார். ஒலி புகாத கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். "இதென்ன பிரமாதம்" என்றார்.

தாழ்ந்த ஒலிகளுக்கு டக் டக்கென்று அழுத்தினார். பிறகு மேலே போனேன். அழுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். தலையைச் சாய்த்துக்கொண்டு, வரப்போகும் ஒலிக்காக அழகாகக் காத்திருந்தார். இன்னும் கூட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்துச் சிரித்து, ஆரம்பிக்கலாமே என்று கையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சில் ச, த, ப, க போன்ற எழுத்துகளின் ஒலி நிற்கும் அந்த உயர்ந்த இடத்தில், பரிசோதனைப் படத்தில் அவருடைய கோடு கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி இறங்கியது. அச்சக இயந்திரங்கள் அரைத்துத் தின்றுவிட்டு மிச்சம் வைத்திருந்ததை வைத்துக்கொண்டுதான் இவர் எண்ணெய்க்கும் வெல்வெட்டுக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவர் மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள கெப்பாசிட்டர் போயிடுச்சும்மா. மேல் ஸ்தாயி வரவே இல்ல. எப்ப சர்வீஸ் பண்ணீங்க?"

அவரை என் நாற்காலியில் உட்காரவைத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, கண்ணாடி அறைக்குள் நான் போய் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் நான் விரலைத் தூக்கினேன். அவர் மேலே மேலே போனார். நான் தூக்கிக்கொண்டே இருந்தேன். சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர் விரல் பொத்தானின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

நான் வெளியே வந்ததும் கேட்டார்.

"அப்ப அன்னைக்கு... அவ கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா மாமா."

"சும்மா சொல்றான்னு நினைச்சேனே" என்றார். "கூப்பிட்டாளா!" என்று திரும்பவும் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்கவில்லை என்பது காதின் குற்றம். கேட்காததையெல்லாம் அவள் சொல்லவே இல்லை என்று சாதித்தது காதின் குற்றமா?

போட்டுப் பார்க்கச் சொல்லி மருத்துவமனையிலிருந்தே ஒரு ஜோடி காதுக் கருவி வாங்கிக்கொடுத்தேன். கையில் வாங்கிய உடனே திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ள என்ன கெப்பாசிட்டர் போட்டிருக்கான்?" என்று கேட்டார். திருந்துகிற ஜென்மமா இது!

மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் தன் செருப்புச் சத்தத்துக்கே திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. மின்விசிறி முனகுவது கேட்டது. இதெல்லாம் எப்போதிலிருந்து என்று கேட்டார். மகள், "நான் காலேஜ் படிக்கறப்போலேருந்துப்பா" என்றாள். பிறகு ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். போட்ட வேகத்தில் பாய்ந்து அணைத்தார்.

"யாரு இதை இப்படிப் பண்ணி வெச்சது?" என்றார். பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான் இருந்தார்.

சாயங்காலமே உதிரிபாகக் கடைக்குப் போய், மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் குறையாமல் என்று ஒரு கவர் வாங்கி வந்துவிட்டார். எண்ணெய்க்கு விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் என் மருத்துவமனைத் தெருப்பக்கமே வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். பாம்புக்கு வெளியே தெரிகிற காதே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் இப்போதுதான் மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்காத மாதிரி இருந்தார். இனிமேல் அது செல்லாது என்று அவருக்கு இன்னும் புரியவில்லை.

அக்காவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், படத்தைக் காட்டி, கோடு எங்கே விழுகிறது என்று காட்டி. கேட்டுக்கொண்டாள். மகள் மட்டும் காரை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பிப் போனாள். சூட்கேஸ் வாசலிலிருந்து கட்டிலடிக்கு வந்தது, திறக்கப்படாமல்.

மறுநாள் காலையில் நான் கீழே போனபோது மாமா முன்னறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பற்றவைத்துக்கொண்டிருந்தார். அக்கா நடைபாதையில் தையல் மெஷினில். டீ டம்ளரை அவர் தரையிலேயே வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, எத்தனையோ காலப் பழக்கத்தில், எப்போதும் சொல்கிற குரலிலேயே சொன்னாள்: "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கல்லைக் கட்டிக்கிட்டிருந்தா, துணியாவது துவைச்சிருக்கலாம்."

மாமாவின் கை நின்றது. மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இத்தனை வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி இதையா சொல்லிட்டிருந்த?" என்றார்.

"இது கொஞ்ச வருஷமாத்தான்" என்றாள் அக்கா, தையலை நிறுத்தாமல். "அதுக்கு முன்னாடி நல்லதாவும் நிறையச் சொல்லியிருக்கேன். அதுக்கும் நீங்க திரும்பல."

"என்ன சொன்ன? என்னன்னு சொல்லு."

"திரும்பப் போட்டுக் காட்ட நான் என்ன டேப்பா?"

மாமா எழுந்து போய், டம்ளரைக் கழுவி வைத்தார். தையல் மெஷினைத் தூக்கி முன்னறை ஜன்னலோரம் கொண்டுபோக முடியுமா என்று பார்த்தார். அக்கா கையை எடுக்கவில்லை, விட்டுவிட்டார். கடைசியில் கட்டிலடியிலிருந்து சூட்கேஸை இழுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் தூக்கி வைக்கப் போனார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தனக்குள் பேசிக்கொள்வது மாதிரி சொன்னாள்:

"அது கீழேயே இருக்கட்டும்."

அவருக்குக் கேட்டது. இறக்கி வைத்தார்.